நானூறு வருஷத்துக் கறுப்பு

ஷார்ஜாவில் மது விற்கக் கூடாது, வாங்கக் கூடாது, குடிக்கவும் கூடாது. அந்த ஊரில்தான் எங்கள் அப்பா ஒரு மதுக்கடையைக் கட்டி நிறுத்தினார்.

அவரைத் தப்பாக நினைக்க வேண்டாம். கடை துபாய்க்குப் போக வேண்டியது. அங்கே கடற்கரையோரம் எழும்பிக்கொண்டிருந்த ஒரு ஹோட்டலின் தரைத்தளத்தில் வைப்பதற்காக, இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்துச் சாலையோரத்தில் நின்ற பழைய மரச்சட்டக் கட்டடம் ஒன்றை அப்படியே பிரித்துக் கண்டெய்னரில் அனுப்பியிருந்தார்கள். அப்பா ஃபோர்மேனாக இருந்த தச்சுப்பட்டறை ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் இருந்தது. முதலில் அங்கே ஒருமுறை பூட்டிப் பார்ப்பது, குறையிருந்தால் சரிசெய்வது, பிறகு மறுபடி கழற்றி ஹோட்டலுக்குக் கொண்டுபோவது என்று ஏற்பாடு. ஆகவே டயர் கடைகளுக்கும் சிமெண்ட் கிடங்குகளுக்கும் நடுவில், ஒரு தகரக் கொட்டகைக்குள், இங்கிலாந்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்த கடை கொஞ்ச காலம் நின்றது. பட்டறையின் பெஷாவர் தச்சர்கள் மதியம் அதற்குள் பாய் விரித்துத் தொழுதார்கள். வெளியே கொளுத்தும் வெயிலுக்கு அது நல்ல நிழல்.

அம்மாவிடம் அப்பா விஷயத்தை முழுசாகச் சொல்லவில்லை. அம்மாவின் அகராதியில் குடி என்ற சொல்லுக்குக் கீழே எங்கள் பெரியப்பாவின் படம் ஒட்டியிருந்தது. எனவே, 'பழைய காலத்து இங்கிலீஷ் கட்டடம்' என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஒருநாள் அந்தக் கடையின் பெயர்ப்பலகையின் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதில் ஒரு வாத்து தலையில் கிரீடத்தோடு நின்றது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு வாத்துக்கறி ஓட்டலுக்கா இத்தன ஆர்ப்பாட்டம்?" என்றாள். அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடித்தார்.

அப்போது எங்கள் வீட்டில் மாமா இருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. விசிட் விசாவில் வந்து வேலை தேடிக்கொண்டிருந்தார். தென்காசிப் பக்கம் கதவு ஜன்னல் செய்யும் கடையில் இருந்தவர். ஊரில் அவருக்கு ஒரு பெண் பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை உறுதியானால்தான் தாம்பூலம் மாற்றுவது என்று பெண்வீட்டார் சொல்லிவிட்டார்கள். விசா முடிய அதிக நாள் இல்லை. அப்பா கெஞ்சிக் கூத்தாடி, பட்டறையில் சம்பளமில்லாமல் வேலை பார்த்துக் காட்டட்டும், பிடித்திருந்தால் விசா கொடுங்கள் என்று மேனேஜரைச் சம்மதிக்க வைத்திருந்தார்.

எனக்கு அந்த விசா வேறு காரணத்துக்காகத் தேவைப்பட்டது. நான் ஐந்தாம் வகுப்பு. வீட்டில் ஒரே பிள்ளை. அப்பா வேலை முடிந்து வந்தால் செய்தி பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவார். அம்மாவோ வீட்டுப்பாடம் முடிந்ததா என்பதைத் தவிர என்னிடம் வேறு கேள்வி கேட்டதில்லை. மாமா வந்த பிறகுதான் அந்த ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டில் ஆள் இருப்பது தெரிந்தது. ஹாலில் பாய் போட்டுப் படுப்பார். நான் பள்ளி விட்டு வந்ததும் கேரம் போர்டை எடுப்பார். வேண்டுமென்றே தோற்பார், ஆனால் தோற்றதற்கு உண்மையாகவே வருத்தப்படுவதுபோல நடிக்கத் தெரிந்தவர். அவருக்கு விசா கிடைக்க வேண்டும், எங்களோடேயே இருந்துவிட வேண்டும். அந்த வருடம் நான் கடவுளிடம் கேட்ட ஒரே விஷயம் அதுதான். கணக்குப் பரீட்சையைக்கூட நானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன்.

பட்டறைக்குப் போகத் தொடங்கியதும் மாமா தினமும் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கட்டடத்தின் கதையைச் சொல்வார். அதில் ஓர் ஆணிகூடக் கிடையாதாம். தூணில் துளை, உத்தரத்தில் நாக்கு, இரண்டையும் சேர்த்து மர முளை. எந்த நாக்கு எந்தத் துளைக்கு என்று தெரிவதற்காக அந்தக் காலத்துத் தச்சர்கள் மரத்திலேயே ரோமன் எண்களை உளியால் கொத்தி வைத்திருக்கிறார்கள். மேல்மாடி கீழ்த்தளத்தைவிட ஒரு முழம் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், சாப்பிட்டு முடித்த ஆள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பதுபோல. ஒரு தூண்கூட நேராக இல்லை. மாமாவுக்கு எல்லாவற்றையும்விட ஆச்சரியம் சுவர்தான். "கம்ப பின்னி, மண்ணும் சாணியும் வைக்கோலும் கொழச்சுப் பூசியிருக்கானுவக்கா. நம்மூர்ல அத இடிச்சிட்டுக் காங்கிரீட் போடுதோம். இவனுவ கப்பல்ல ஏத்தி அனுப்புதானுவ!"

"வாத்து நிக்க எடம் சாணியாத்தானே இருக்கும்" என்றாள் அம்மா.

இத்தனைக்கும் மேற்பார்வை பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வந்திருந்தார். பழைய கட்டடங்களைப் பிரித்துச் சேர்ப்பதே அவர் தொழில். வயதானவர். தக்காளி நிறத்தில் முகம், முழங்காலுக்கு மேலே கால்சட்டை. கணப்பு அடுப்புக்கு மேலே வரும் பெரிய உத்தரம் ஒன்றை அவர் தினமும் வந்து தடவிப் பார்ப்பார் என்று மாமா சொன்னார். அதில் காம்பஸால் கீறியதுபோல ஒரு பூ இருந்ததாம். ஆறு இதழ்ப் பூ. மாமாவின் கருத்துப்படி அது வேலை இல்லாத ஏதோ ஒரு பொடியன் கிறுக்கியது.

ஒரு வியாழக்கிழமை மாலை அப்பா அந்த உத்தரத்தைச் சுத்தம் பண்ணி வைக்குமாறு மாமாவிடம் சொல்லிவிட்டு ஹோட்டலில் அளவெடுக்கப் போனார். சுத்தம் என்ற சொல்லை அப்பா யோசித்து உபயோகித்திருக்க வேண்டும். மாமாவுக்கு அது கடவுளே நேரில் வந்து கொடுத்த வாய்ப்பாகத் தெரிந்தது. தரையில் கட்டைகள்மேல் கிடந்த உத்தரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். கரி பிடித்ததுபோலக் கறுத்த மரம், ஊசி குத்தியதுபோல நூற்றுக்கணக்கில் பூச்சித் துளைகள். கம்பெனியை யாரோ நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள் என்று அவருக்கு வருத்தமே வந்துவிட்டதாம். எலெக்ட்ரிக் இழைப்புளியை எடுத்து முகப்பு முழுவதையும் இழைத்தார். துளைகளைப் புட்டி வைத்து அடைத்தார். வார்னிஷ் டப்பாவைத் திறந்து பிரஷ்ஷை முக்கியபோது அப்பா உள்ளே வந்தார்.

"மாப்ளே, தூசி தட்டத்தானே சொன்னேன்?"

"தட்டுனேன் அத்தான். தூசிக்கு அடியில ஒரே கறுப்பு. அதையும் எடுத்துட்டேன்."

உத்தரம் புதுச் சந்தனக்கட்டை மாதிரி பளபளத்தது என்று மாமா பின்னால் பெருமையோடு சொல்வார். பூ இருந்த இடத்தில் பூ இல்லை. அப்பா அங்கேயே மரத்தூளில் உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமை காலையில் வெள்ளைக்காரர் வருவார். முதல் காரியமாக அந்த உத்தரத்தைத்தான் தடவுவார். மாமாவின் விசா மட்டுமல்ல, அப்பாவின் வேலையும் அந்த மரத்தோடு இழைபட்டுக் கீழே விழுந்திருந்தது.

நடுவில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை இருந்தது.

கறுப்பை மறுபடி கொண்டுவரும் ஆராய்ச்சி எங்கள் சமையலறையில் நடந்தது. மாமா இழைத்துத் தள்ளிய சுருள்களை அப்பா ஒரு பை நிறைய அள்ளி வந்திருந்தார். ஷூ பாலிஷ் போட்டுப் பார்த்தோம். அது ஷூ மாதிரி இருந்தது. காபி டிகாஷன் ஊற்றினோம். நன்றாக மணத்தது, கறுக்கவில்லை. விளக்குக் கரி கையோடு வந்தது. பொறுமையிழந்த அம்மா, வாழைக்காயை இரும்புக் கத்தியால் நறுக்கினால் கை கறுக்கிறதே, அதுபோல இந்த மரத்திலும் துவர்ப்பு இருக்காதா என்று கேட்டாள். யாரும் பதில் சொல்வதற்குள் ஒரு சுருளை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "இருக்கு" என்றாள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை வினிகரில் ஊறப்போட்டாள். மறுநாள் காலை, கெட்டியான தேயிலைச் சாற்றில் நனைத்த சுருள்மேல் அந்த வினிகரைத் தொட்டு வைத்தபோது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பழுப்பாகி, சாம்பலாகி, கறுத்தது. மாமா அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். காலைத் தொடாதே, கைக் கறுப்பு சேலையில் படும் என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை காலை அப்பாவின் பிக்கப்பில் மூவரோடு நானும் ஏறிக்கொண்டேன். பூ வரையும் பொறுப்பு என்னுடையது. கேட்டு வாங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் டிவைடரால் உலகில் எந்த மாணவருக்கும் எந்தப் பயனும் இருந்ததில்லை. இரண்டு பக்கமும் முள் உள்ள அந்தக் கருவி பிறவிப்பயனை அடைந்தது அன்றைக்குத்தான். மாமா காட்டிய இடத்தில் ஒரு முள்ளை ஊன்றி வட்டம் கீறினேன். வட்டத்தின் மேலேயே முள்ளை நகர்த்தி நகர்த்தி வளைவுகள் கீறினால் ஆறு இதழ்ப் பூ வந்துவிடும். எங்கள் வகுப்பில் அதை என்னைவிட அழகாக யாரும் போட்டதில்லை. ஒரு கோடு பிசகவில்லை. தூரத்தில் நின்று பார்த்தபோது, பழைய பூ எவ்வளவு நன்றாக இருந்திருந்தாலும் இதற்கு ஈடாகாது என்று தோன்றியது.

மாமா அம்மாவின் சேஃப்டி பின் ஒன்றைக் கொண்டு துளை துளையாகப் புட்டியைக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தார். நேற்று அடைத்தவனே இன்று தோண்டுவது எந்த ஊர் நியாயம் என்று அவ்வப்போது மரத்திடம் முறையிட்டார். அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, முதலில் தேயிலைச் சாறு, அது உலர்ந்ததும் வினிகர் என்று பிரஷ்ஷால் பூசிக்கொண்டே போனாள். உத்தரம் ஒரு முனையிலிருந்து கிழடாகிக்கொண்டு வந்தது. முக்கால்வாசி முடிந்திருந்தது. வாட்ச்மேன் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். அப்போதுதான் வாசலில் ஒரு டாக்ஸி நின்றது.

வெள்ளைக்காரருக்கு அந்த ஊரில் யாரும் இல்லை. விடுமுறை நாளில் எங்கே போவதென்று தெரியாமல் தன் கட்டடத்தைப் பார்க்க வந்துவிட்டார். அப்பா, "ஃபேமிலி, சார். கட்டடத்தைப் பார்க்க ஆசைப்பட்டாங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சமாளித்தபடி உத்தரத்தை மறைத்து நின்றார். அப்பா ஒல்லி. உத்தரம் பெரியது.

ஆனால் அவர் எங்களைப் பார்த்ததில் உண்மையாகவே மகிழ்ந்துபோனார். நான் இங்கிலீஷ் மீடியம் என்று தெரிந்ததும் மகிழ்ச்சி இரட்டிப்பானது. என் கையைப் பிடித்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றிக் காட்டத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்ல நான் உரக்கத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மொழிபெயர்ப்பில் எதையும் விடக் கூடாது என்பது என் கொள்கை. இது நானூறு வருடத்துக்கு முன்பு கட்டியது. குதிரைவண்டிக்காரர்கள் தங்கிப் போகும் இடம். ஏதோ ஒரு ராஜா எதிரிகளுக்குப் பயந்து இதில் ஒரு ராத்திரி ஒளிந்திருந்தார். இங்கிலாந்தில் இந்த மாதிரிக் கடை எதில் கேட்டாலும் ராஜா ஒளிந்த கதை சொல்வார்கள், நம்ப வேண்டாம். முன்னறையில் கூலிக்காரர்கள், பின்னறையில் பண்ணைக்காரர்கள். பின்கட்டில் வீட்டுக்காரியே பீர் காய்ச்சுவாள்.

"பின்கட்டுல வீட்டுக்காரம்மாவே பீர் காய்ச்சுவாங்களாம்மா. நானூறு வருஷமா எல்லாரும் இங்கதான் குடிச்சாங்களாம். இனிமே துபாய்லயும் இதுக்குள்ளதான் குடிப்பாங்களாம்."

அம்மாவின் பிரஷ் நின்றது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா மேல்மாடியைப் பார்த்தார்.

அதற்குள் வெள்ளைக்காரர் என்னை உத்தரத்துக்கு அழைத்து வந்துவிட்டார். புகைபோக்கி வழியாகச் சூனியக்காரி வீட்டுக்குள் இறங்காமல் இருக்க அந்தக் காலத்து மனிதர்கள் அடுப்புக்கு மேலே ஒரு காவல் குறி கீறுவார்கள், இங்கே பார் என்று குனிந்தார். பூவைத் தடவினார். விரலைப் பார்த்தார். விரல் ஈரமாக, கறுப்பாக இருந்தது. மறுபடி பூவைப் பார்த்தார். பையிலிருந்து டிஜிட்டல் கேமராவை எடுத்து எதையோ தேடி, அந்தச் சின்னத் திரையை என் பக்கம் திருப்பினார். படத்தில் இருந்த பூவுக்கு ஐந்தரை இதழ்கள்தான். கீறியவருக்கு என்ன அவசரமோ, கடைசி இதழைப் பாதியில் விட்டுவிட்டுப் போயிருந்தார். மாமா அதை எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் பாதியில் விட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

கட்டைமேல் என் ஜியோமெட்ரி பாக்ஸ் திறந்தே இருந்தது. மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. வெள்ளைக்காரரின் முகம் தக்காளியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அம்மாதான் எழுந்து முன்னால் வந்தாள். ஒரு நிமிடத்துக்கு முன்புதான் அது சாராயக்கடை என்று தெரிந்துகொண்டவள். கையில் பிரஷ், முழங்கைவரை கறுப்பு. "எல்லாம் நான்தான் செஞ்சேன்னு சொல்லுட்டீ. எந்தம்பி ஒண்ணும் செய்யலன்னு சொல்லு" என்றாள்.

நான் அப்படியே சொன்னேன். சொன்ன பிறகு ஒரு சந்தேகம் வந்தது. ஒன்றுமே செய்யாத ஆளுக்கு யார் விசா கொடுப்பார்கள்? ஆகவே, "ஆனால் என் மாமா மிகவும் கடினமாக உழைப்பவர். நேற்று இந்த உத்தரம் முழுவதையும் தனியாளாக இழைத்தது அவர்தான்" என்று சேர்த்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகப் புரியும். கண்களை மூடிக்கொண்டார்.

வெள்ளைக்காரர் கேமராவைப் பையில் வைத்தார். பூ இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பூ போனது போனதுதான் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை. யாரோ தெரிந்தவர் இறந்துபோன சேதியைச் சொல்வதுபோல இருந்தது. எனக்கு என் பூவின்மேல் இருந்த பெருமை கொஞ்சம் குறைந்தது.

பிறகு அம்மாவின் கிண்ணத்தை எடுத்து முகர்ந்தார். என்ன இது என்று கேட்டார். தேயிலை, வினிகர், பாத்திரம் தேய்க்கும் நார் என்று சொன்னேன். எதற்காகக் கறுப்படித்தீர்கள் என்றார். பழைய நிறம், சார் என்றார் அப்பா. அதைக் கேட்டதும் அவர் மரக்கட்டைமேல் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்கு உத்தரவு வரவில்லை.

அவர் சொன்னது இதுதான். அந்தக் காலத்துத் தச்சர்கள் மரத்துக்குக் கறுப்படித்ததே இல்லை. ஓக் மரத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். அது வெயிலிலும் மழையிலும் தானாக வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வரும். நூறு, நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு பழைய வீட்டு மோகம் பிடித்த யாரோ, பழசாகத் தெரியட்டும் என்று தார் பூசிவிட்டார்கள். அதையே எல்லோரும் பழைய நிறம் என்று நம்பிவிட்டார்கள். இதை எடுத்துச் சொல்லி, கறுப்பைச் சுரண்டிவிடலாம் என்று அவர் ஹோட்டல்காரர்களிடம் மாதக்கணக்கில் மன்றாடியிருக்கிறார். கறுப்பாக இல்லாவிட்டால் அது இங்கிலீஷ் கடையே இல்லை என்று அவர்கள் ஒரே பிடியாக நின்றார்களாம். ஆக, மாமா இழைத்துத் தள்ளியது ஒரு பொய். அதை அரும்பாடுபட்டு மறுபடி பூசியது நாங்கள்.

கடைசியில் அவர் அப்பாவிடம் காரியத்துக்கு வந்தார். கப்பலில் சில உத்தரங்கள் உடைந்திருந்தன. அவற்றுக்குப் பதிலாகப் புது ஓக் வருகிறது. புதியது எது, பழையது எது என்று ஹோட்டல்காரர்களுக்குத் தெரியக் கூடாது. இந்தக் கறுப்பைப் போடுகிற ஆள் எனக்கு வேண்டும், ஆனால் அவர் கையில் இழைப்புளி இருக்கக் கூடாது என்றார். மேனேஜரிடமும் தானே சொல்வதாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்து முடிக்கும்வரை மாமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான்கு பேரும் பிக்கப்பில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "வாத்துக்கறி ஓட்டல்னு சொன்னிய" என்றாள் அம்மா, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே.

"நான் எப்பச் சொன்னேன்? நீயாத்தானே சொன்னே?"

அந்தச் சண்டை ஒரு வாரம் ஓடியது. அதற்குள் மாமாவுக்கு விசா தயாராகிவிட்டது. விசா மாற்றுவதற்கு நாட்டைவிட்டு வெளியேறித் திரும்ப வேண்டும் என்பது அன்றைய முறை. எல்லோரையும் போல மாமாவும் ஈரானின் கிஷ் தீவுக்குப் போய்க் காத்திருந்து வந்தார். தொழில் என்ற இடத்தில் தையற்காரர் என்று போட்டிருந்தது. கம்பெனியிடம் அந்த விசாதான் மிச்சம் இருந்ததாம். நான் தையற்காரரே என்று கூப்பிட்டுக்கொண்டு வீடு முழுக்க அவரைத் துரத்தினேன். ஊரில் தாம்பூலம் மாற்ற நாள் பார்த்தார்கள். அம்மா கேசரி கிண்டினாள்.

மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது ஹாலில் மாமாவின் பெட்டி திறந்திருந்தது. அம்மா அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஊருக்கு வெளியே சஜா பக்கம், கம்பெனி ஆட்கள் தங்கும் லேபர் கேம்ப்பின் பஸ் கீழே வந்து நிற்கும் என்றார்கள்.

"விசாதான் வந்துட்டுல்லா மாமா, பொறவு ஏன் போறிய?"

"வந்ததுனாலதான் போறேன், ஏட்டி. கம்பெனி விசான்னா கம்பெனி கேம்ப்புதான். வெள்ளிக்கிழமை லீவு கெடச்சா வருவேன்."

நான் நம்பவில்லை. அம்மாதான் ஏதோ சொல்லித் துரத்துகிறாள் என்று தோன்றியது. அவள்மேல் பாய்ந்து கத்தினேன். அவள் திட்டவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் ஊறுகாய் பாட்டிலுக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

விசா கிடைக்காவிட்டால் ஊருக்குப் போவார், கிடைத்தால் கேம்ப்புக்குப் போவார். எங்கள் ஹாலிலேயே இருப்பார் என்ற மூன்றாவது வழி என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது என்பது எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின. அம்மாவுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த வெள்ளிக்கிழமை பட்டறைத் தரையில் உட்கார்ந்து, தன் தம்பியை வீட்டைவிட்டு அனுப்புகிற வேலையை ஓரிடம்கூட விடாமல் பூசி முடித்தாள்.